கார்ப் பிரிச்சு மாட்டினதும் பெட்ரோல் ஒழுகுது, கிட் டூப்ளிகேட்டா?

ஜனவரி 11, காலை 9:20 (கேள்வி)

பைக்கோட கார்புரேட்டரை (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புறது) கழட்டி கிளீன் பண்ணி புது கிட் (நீடில், ரப்பர் வளையம் எல்லாம் சேர்ந்த பாக்கெட்) போட்டேன், பெட்ரோல் டியூபும் புதுசா மாத்தினேன். மாட்டி பெட்ரோலைத் திறந்து அஞ்சு நிமிஷத்துல கீழ சொட்ட ஆரம்பிச்சிடுச்சு. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு ஒழுகினதில்ல. கிட் டூப்ளிகேட்டா, இல்ல நான் ஏதாவது தப்பா மாட்டிட்டேனா?

ஜனவரி 11, காலை 10:05

எங்கேர்ந்து சொட்டுதுன்னு சொல்லலையே தம்பி. எல்லா லீக்கும் கீழ தான் சொட்டும். பௌலும் (அடியில பெட்ரோல் தங்குற கிண்ணம்) பாடியும் சேர்ற ஜாயின்ட்ல ஈரமா, ஓவர்ப்ளோ டியூப் வழியா வருதா, அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவுலயா, இல்ல மேல பெட்ரோல் டியூப் மாட்டுற மூக்குலேர்ந்து வழிஞ்சு வந்து அடியில சொட்டுதா? நாலும் நாலு வியாதி, மருந்தும் வேற வேற.

வெளிப்பக்கம் முழுக்க துடைச்சு நல்லா காய விடு. மூஞ்சிக்கு போடுற பவுடரை லேசா தூவிட்டு பெட்ரோலைத் திற. எந்த இடத்துல பவுடர் முதல்ல நனையுதோ அங்க தான் லீக்கு. டார்ச் அடிச்சு பாரு, தீக்குச்சி கிழிச்சு பாக்காத. சிரிக்காதீங்க, பாத்த ஆளை எனக்குத் தெரியும், புருவம் முளைக்க ரொம்ப நாள் ஆச்சு.

ஜனவரி 11, இரவு 10:40

காலையில டாக்டர் மாதிரி பேசிட்டேன். என் வண்டியும் இப்ப அதே கோலத்துல தான் நிக்குது. ஒரே சிலிண்டர், ஒரே கார்ப், பம்ப் கிடையாது, டேங்க்லேர்ந்து தானா இறங்குற பெட்ரோல். பல மாசம் சும்மா நின்ன வண்டி, பௌலுக்குள்ள பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டியிருந்துச்சு. ஜெட் (பெட்ரோல் போற ஊசித்துளை) எல்லாம் கழட்டி கிளீனர்ல ஊற வச்சு, புது கிட் போட்டு மாட்டினேன். பெட்ரோல் காக் (டேங்க் அடியில இருக்கற திருகு), அதைத் திறந்தா ஓவர்ப்ளோ டியூப்ல டொக்கு டொக்குனு சொட்டுது.

ஓவர்ப்ளோல வந்தா நீடில் தான், வேற பேச்சே இல்ல. பௌல்ல பெட்ரோல் ஏற ஏற ப்ளோட்டு (உள்ள மிதக்குற மிதவை) மேல வரும், ப்ளோட்டோட நாக்கு நீடிலைத் (அடைக்கற ஊசி) தள்ளி சீட்டை (பெட்ரோல் உள்ள வர்ற ஓட்டை) அடைக்கும். அது சரியா அடைக்கலன்னா மட்டம் ஏறிட்டே போயி ஓவர்ப்ளோ குழாயோட வாய்க்கு மேல வந்து வெளிய ஊத்தும். நாளைக்கு நீடிலைப் பாக்கறேன், முடிஞ்சது கதை.

(பின்னால படிக்கிறவங்களுக்கு: "வேற பேச்சே இல்ல"ன்னு நான் எழுதினதை ஞாபகம் வச்சுக்கங்க.)

ஜனவரி 12, மாலை 6:15

நீடில் பாத்தேன். முனையில இருக்கற கருப்பு ரப்பர்ல தூசி இல்ல, வரி இல்ல, புதுசு தானே. சீட்டுல லேசா பச்சை பூத்திருந்துச்சு. பித்தளை சீட்டு, அதுல கிரைண்டிங் பேஸ்ட் கிரைண்டிங் பேஸ்ட்னு யார் சொன்னாலும் போடாதீங்க, பித்தளை மெத்து, தேஞ்சு போயி பள்ளம் விழும், அப்புறம் எந்த நீடிலும் அடைக்காது. காது குடையுற பஞ்சுக்குச்சியில மெட்டல் பாலீஷ் தொட்டு, குச்சியை விரல்ல உருட்டி உருட்டி சீட்டைத் துடைச்சேன். பளபளன்னு ஆச்சு. அப்புறம் பெட்ரோல் ஊத்தி நல்லா கழுவணும், பாலீஷ் மிச்சம் இருந்தா அதுவே அழுக்கு.

கழட்டின கையோட ஒரு டெஸ்ட். கார்பை தலைகீழா பிடிச்சா ப்ளோட்டோட சொந்த வெயிட்ல நீடில் மூடிக்கும். பெட்ரோல் மூக்குல ஒரு சின்ன டியூப் மாட்டி வாயால மெதுவா ஊதணும். காத்து போகக் கூடாது. ப்ளோட்டை விரலால தூக்கினா போகணும். கம்ப்ரசர் காத்து வச்சு இதைப் பண்ணிடாதீங்க. டேங்க்லேர்ந்து இறங்குற பெட்ரோலுக்கு ஒரு அடி உயரத்துக்கு 0.3 பிஎஸ்ஐ பக்கம் தான் அழுத்தம், அதைத் தாங்கத் தான் அந்த நீடிலை செஞ்சிருக்காங்க.

எனக்கு காத்து போகல. சுத்தமா நின்னுச்சு. மாட்டினேன். சொட்டுது.

ஜனவரி 12, மாலை 6:50

இப்பவும் சொட்டுது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால பௌல்ல ரெண்டு தட்டு தட்டினேன், ப்ளோட்டு எங்கயாவது மாட்டியிருந்தா விடும்னு. ம்ஹூம்.

ஜனவரி 14, காலை 8:30

ப்ளோட் ஹைட் (ப்ளோட்டு நிக்கிற உயரம்) பாருங்கன்னு மூணு பேர் சொல்லிட்டாங்க. பாத்தேன். கார்பைத் தலைகீழா வச்சு, கேஸ்கட் முகத்துலேர்ந்து (பௌல் வந்து உக்கார்ற தட்டை விளிம்பு) ப்ளோட்டு உச்சி வரைக்கும் ஸ்கேல் வச்சா மேனுவல்ல போட்டிருக்கறதை விட 2 எம்எம் கம்மி. ஆஹா பிடிச்சிட்டேன்டா திருடனைன்னு நாக்கை வளைச்சேன். எந்தப் பக்கம் வளைக்கணும்னு ஒரு நிமிஷம் யோசிக்காம வளைச்சேன், அளவு இன்னும் குறைஞ்சிடுச்சு, திரும்ப வளைச்சேன். எல்லாருக்கும் குழப்புற இடம் இது: தலைகீழா வச்சு அளக்கும்போது அளவு கூடினா, நேரா வச்சா பெட்ரோல் மட்டம் குறையும். அளவு குறைஞ்சா மட்டம் ஏறும். பேப்பர்ல ஒரு படம் போட்டு பாத்தா தான் மண்டையில ஏறும், எனக்கு அப்படித்தான் ஏறுச்சு.

மாட்டினேன். சொட்டு கொஞ்சம் மெதுவா வருது, ஆனா வருது.

ஜனவரி 14, இரவு 9:10

காலையில எழுதினதுல தப்பு இருக்கு, திருத்திக்கங்க. தலைகீழா வச்சு அளக்கக் கூடாது. நீடிலோட பின்பக்கம் ஒரு குட்டி ஸ்ப்ரிங் பின் இருக்குல்ல, முழுசா கவுத்தா ப்ளோட்டோட வெயிட் அந்த பின்னை உள்ள அமுக்கிடும், அளவு கம்மியா காட்டும். கார்பை சாய்ச்சு பிடிக்கணும், நாக்கு அந்த பின்னைத் தொட்டும் தொடாம இருக்கற இடத்துல நிறுத்தி அப்ப அளக்கணும், கேஸ்கட்டை எடுத்துட்டு. அப்படி அளந்தா நான் கழட்டும்போது சரியா தான் இருந்திருக்கு, நான் தான் கெடுத்திருக்கேன். வண்டி வேற ஆக்ஸிலேட்டர் திருகினா பொறுமுது, இருமுது, பின்னால சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது. மட்டம் இறங்கிப் போயி பெட்ரோல் பத்தல.

லீக்கை நிறுத்த ப்ளோட்டை இறக்கி விடுற வைத்தியம் இப்படித்தான் முடியும். ஒழுகல் குறைஞ்ச மாதிரி தெரியும், வண்டி ஓட்டம் போயிடும். திரும்ப பழைய அளவுக்கே கொண்டு வந்துட்டேன். அந்த நாக்கு இதோட மூணு வாட்டி வளைஞ்சிருக்கு, பாவம்.

ஜனவரி 15, இரவு 11:00

அளவுகோல் சண்டையே வேண்டாம், நிஜ மட்டத்தையே பாத்துடலாம்னு ட்ரெயின் மூக்குல உள்ள தெரியுற டியூப் ஒண்ணு மாட்டி, பௌலை ஒட்டி மேல வளைச்சு பிடிச்சேன். ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்தா பௌல்ல எவ்வளவு மட்டமோ டியூப்லயும் அதே மட்டம் நிக்கும். வண்டி நேரா நிக்கணும், சைடு ஸ்டாண்டுல பாத்தா தப்பா காட்டும்.

என்ன வேடிக்கைன்னா நான் ஸ்க்ரூவைத் திறக்கறதுக்கு முன்னாடியே டியூப்ல பெட்ரோல் ஏற ஆரம்பிச்சிடுச்சு. ட்ரெயின் ஸ்க்ரூ சரியா உக்காரல போல. அதுக்கு குட்டி ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒண்ணு இருக்கு, மாத்திட்டேன். மட்டம் ஜாயின்ட் கோட்டுக்கு 4 எம்எம் கீழ நிக்குது, அருமை, அங்க தான் இருக்கணும். அப்ப நீடில் அடைக்குது, ப்ளோட்டும் சரி. சரி, பின்ன ஏன் சொட்டுது?

ஜனவரி 16, காலை 7:45

சொட்டுது. ஓ-ரிங் மாத்தியும்.

ஜனவரி 17, மதியம் 1:20

கேள்வி கேட்ட தம்பி பவுடர் போட்டு பாத்துட்டு எழுதியிருக்கு: பௌல் ஜாயின்ட்ல தான் முதல்ல நனையுதாம், பின்பக்க மூலையில. உன்னோட கேஸ் வேற, என்னோட கேஸ் வேற தம்பி, நல்லதாப் போச்சு.

பழைய ஓ-ரிங்கையே போட்டியா, புதுசா? புதுசுன்னா அதை கிளீனர்ல போட்டியா? கார்ப் கிளீனர், பெட்ரோல், ரெண்டுலயும் ரப்பர் ஊறி நீளும். காடியில உக்காராம ஒரு இடத்துல வளைஞ்சு மேல எழும்பி நிக்கும், அதை விரலால அமுக்கி அமுக்கி பௌலை வச்சு ஸ்க்ரூ போடுவோம், அந்த வளைஞ்ச இடம் நசுங்கி மூலையில கிள்ளிக்கும். வெளிய பாத்தா எல்லாம் அழகா இருக்கும். கழட்டி ஓ-ரிங்கை காத்தோட்டமா ஒரு நாள் வெச்சுடு, ஊறின ரப்பர் பெரும்பாலும் சுருங்கி பழைய அளவுக்கு வந்துடும். வராதது, கிள்ளு விழுந்தது, தூக்கிப் போடு.

கேஸ்கட் பேஸ்ட் தடவாத. பெட்ரோல்ல கரையாததுன்னு எழுதியிருந்தாலும் தடவாத. பிதுங்கி உள்ள போற துணுக்கு நேரா ஜெட்டுக்குத் தான் போகும்.

ஸ்க்ரூவை ஒண்ணு முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாத, எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா. பௌல் விளிம்பை ஒரு கண்ணாடித் துண்டு மேல கவுத்து ஆட்டிப் பாரு. ஆடினா விளிம்பு வளைஞ்சிருக்கு. முன்னாடி யாரோ முரட்டுக் கையால இறுக்கினதோட பலன் அது.

ஜனவரி 18, காலை 6:30

தூங்கல. ராத்திரி பெட்ரோல் காக்கை மூடிட்டு தான் படுத்தேன். இப்ப போயி ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்தா ஒரு சொட்டு கூட வரல. பௌல் காலி.

ஜனவரி 18, காலை 6:55

டீ குடிச்சிட்டே யோசிச்சேன். நீடில் அடைக்காம மட்டம் ஏறி ஓவர்ப்ளோ ஆகுதுன்னா, காக்கை மூடினதும் மட்டம் குழாயோட வாய் வரைக்கும் இறங்கி அங்கேயே நின்னுடணும். அதுக்குக் கீழ இருக்கற பெட்ரோலுக்கு வெளிய போக வழியே இல்ல. என்னோடது முழு பௌலும் வடிஞ்சிருக்கு. அப்ப வழி அடியில இருக்கு!

15-ஆம் தேதி நான் எழுதினதை நீங்களே மேல போயி படிங்க. ஸ்க்ரூவைத் திறக்காமலே டியூப்ல ஏறுச்சுன்னு என் கையாலயே எழுதிட்டு, அடுத்த வரியிலயே ட்ரெயின் ஸ்க்ரூ மேல பழியைப் போட்டு தாண்டிப் போயிருக்கேன். என் பௌல்ல ஓவர்ப்ளோ குழாயும் ட்ரெயினும் ஒரே மூக்குல தான் வெளிய வருது (சிலதுல தனித்தனியா இருக்கும்). ஸ்க்ரூ இல்லன்னா மிச்சம் இருக்கறது அந்தக் குழாய் தான்.

ஜனவரி 18, இரவு 8:40

மாட்டிக்கிச்சு!

பௌலை மட்டும் கழட்டி, கழுவி காய வச்சு, சோப்புத் தண்ணி ஊத்தினேன் குழாய் வாய்க்கு ஒரு நூல் கீழ வரைக்கும். வெளி மூக்குல டியூப் மாட்டி, குழாயோட வாயை விரலால பொத்திக்கிட்டு மெதுவா ஊதினேன். குழாயோட அடியில, பின்பக்கம், ஊசிமுனை அளவு காத்து முட்டை முட்டையா வருது. ட்ரெயின் ஓட்டையில ஒண்ணுமே இல்ல. கையில வச்சு பாத்தா தெரியாது, லென்ஸ் வச்சு பாத்தா குழாய் நெடுக்க மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

ஒரு வாரமா நீடில், சீட்டு, ப்ளோட்டு, நாக்குன்னு நல்லவங்களை எல்லாம் ஸ்டேஷனுக்கு இழுத்து அடிச்சிருக்கேன்.

ஜனவரி 18, இரவு 9:30

"அப்ப கழட்டுறதுக்கு முன்னாடி ஏன் ஒழுகல?" இதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். ரெண்டு காரணம் தோணுது. ஒண்ணு, விரிசல் எப்பவோ விழுந்திருக்கும், பௌல்ல காஞ்ச பிசின் அதை அடைச்சு வச்சிருந்திருக்கும், நான் கிளீனர்ல ஊற வச்சு ரொம்ப சுத்தக்காரன் மாதிரி அந்த அடைப்பைக் கரைச்சு விட்டுட்டேன். இன்னொண்ணு, குழாய் அடைச்சிருக்குன்னு ஒரு கம்பியை உள்ள விட்டு குத்தினேன், அப்ப கையில ஒரு சின்ன நெறுக்கு தட்டுப்பட்டுச்சு. அதை இது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. முதல் காரணத்தையே நம்ப ஆசைப்படறேன்.

ஜனவரி 19, மாலை 5:00

ரெண்டு டியூப் கலந்து ஒட்டுற பசையைத் தடவிட்டேன் குழாய் மேல. ஒரு ராத்திரி காயட்டும். சோல்டர் வைக்க சொன்னவருக்கு: இது எளிசு, அது வேலை.

ஜனவரி 20, இரவு 7:30

சொட்டல. ஒரு மணி நேரமா பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

ஜனவரி 25, காலை 9:00

சோல்டர் வைக்க சொன்ன அண்ணே, நீங்க சொன்னது தான் சரி. பசை பெட்ரோல்ல ஊறி சவ்வு மிட்டாய் மாதிரி இழுபடுது. எத்தனால் கலந்த பெட்ரோல் வேற. குழாய்லேர்ந்து உரிச்சு எடுக்க ஒரு மணி நேரம். நல்ல வேளை துண்டு பிஞ்சு ஜெட்டுக்குப் போகல.

ஜனவரி 26, இரவு 10:15

சோல்டர் வச்சாச்சு. விவரமா எழுதறேன், ஏன்னா இதுல ரெண்டு இடத்துல கெடுக்கலாம்.

பௌல் துத்தநாகக் கலவை, அலுமினியம் இல்ல. 380 டிகிரி பக்கம் வந்தாலே உருகிடும். கேஸ் டார்ச்சைக் காட்டினா குழாய் சூடாகறதுக்குள்ள பௌல் குழைஞ்சு கைக்கு வந்துடும். சாதா ஈய சோல்டர் 183 டிகிரியிலயே உருகுது, அதனால நடுத்தர சோல்டரிங் அயர்ன் போதும், சூட்டைக் குழாய்ல மட்டும் காட்டணும். குழாயை நயம் உப்புத்தாளால தேய்ச்சு மஞ்சள் நிறம் வர வரைக்கும் சுத்தம் பண்ணி, பிளக்ஸ் (சோல்டர் பிடிக்கறதுக்குத் தடவுற பசை) தடவி, சோல்டர் தானா ஓடி விரிசலுக்குள்ள இழுத்துக்கணும். உருண்டையா நின்னா ஒட்டல, அழுக்கு இருக்கு, திரும்பத் தேய். எனக்கு முதல் ரெண்டு வாட்டி உருண்டை தான்.

உள் பக்கம் சோல்டர் போயி குழாய் அடைச்சிடாம இருக்க உள்ள ஒரு பல்குச்சியை சொருகி வச்சேன், மரத்துல ஒட்டாது. வெளிப்பக்கம் கொழுத்துப் போனாலும் பாத்துக்கணும், ப்ளோட்டு அந்தக் குழாயை உரசாம ஏறி இறங்கணும். உரசினா ப்ளோட்டு மாட்டிக்கும், நிஜமாவே ஓவர்ப்ளோ ஆகும், அப்புறம் இந்தப் பக்கத்தை முதல்லேர்ந்து படிக்கணும்.

கடைசியில பிளக்ஸ் போக வெந்நீர்ல கழுவி காய வச்சு, திரும்ப சோப்புத் தண்ணி, ஊதல். ஒரு முட்டை இல்ல. இந்த வேலை எல்லாம் பௌலை மட்டும் தனியா வேற ரூமுக்கு எடுத்துட்டுப் போயி, முந்தின நாளே கழுவி காய வச்சுட்டு. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட ஊர்ந்து வந்து அயர்ன் இருக்கற மூலையைத் தேடிப் பிடிக்கும்.

ஜனவரி 27, காலை 7:10

தரையில போட்ட அட்டை காஞ்சு கிடக்கு. ராத்திரி முழுக்க காக் திறந்தே இருந்துச்சு.

பிப்ரவரி 1, மாலை 4:30

தம்பி எழுதியிருக்கு, ஓ-ரிங் ஒரு நாள்ல சுருங்கிடுச்சாம், எதிர் எதிரா இறுக்கினதும் ஜாயின்ட் காஞ்சிடுச்சாம். ஆனா ரெண்டு நாள் கழிச்சு ஓவர்ப்ளோல சொட்டுதாம். "எனக்கும் குழாய் விரிசலா?"ன்னு பயந்து கேக்குது.

முதல்ல காக்கை மூடிப் பாரு. கொஞ்ச நேரத்துல நின்னு, பௌல்ல பெட்ரோல் மிச்சம் இருந்தா விரிசல் இல்ல, நீடில் தான். கிட் மாட்டும்போது பெட்ரோல் டியூபும் புதுசா மாத்தினேன்னு சொன்னியே, புது டியூபை இறுக்கமான மூக்குல திருகி திருகி ஏத்தும்போது விளிம்பு ரப்பரை இழைச்சு விடும், அந்த இழை நேரா வந்து நீடிலுக்கும் சீட்டுக்கும் நடுவுல உக்காரும். ரெண்டு நாள் கழிச்சு வர்ற லீக்கு பெரும்பாலும் இந்த மாதிரி வழிப்போக்கன். டேங்க்ல துரு இருந்தாலும் இதே கதை. பில்டர் போட்டிருக்கியா?

பிப்ரவரி 1, இரவு 9:50

இன்னொருத்தர், ஓவர்ப்ளோ டியூபோட வாயில ஒரு ஸ்க்ரூவை சொருகி அடைச்சுட்டேன், இப்ப ஒழுகல, எதுக்கு இவ்வளவு ராமாயணம்ங்கறார்.

அண்ணே, எடுங்க அதை. இப்பவே. வெளிய போக வழி இல்லன்னா பெட்ரோல் ஜெட் வழியா ஏறி இன்டேக்குல இறங்கி சிலிண்டருக்குப் போகும். அங்கேர்ந்து ரிங் ஓரமா ஆயிலுக்கு. ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சாலோ மட்டம் ஏறியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஆயிலை மாத்துங்க. பிளக்கைக் கழட்டி ஒரு தடவை மெதுவா உதைச்சுப் பாருங்க. சிலிண்டர் நிறைய பெட்ரோல் இருக்கும்போது செல்ப் அடிச்சா திரவம் நசுங்காது, கனெக்டிங் ராடு தான் வளையும்.

நானும் மோந்து பாத்தேன் இப்ப. ஆயில் வாடை தான். ஒழுகினதெல்லாம் வெளிய ஒழுகிட்டதால தப்பிச்சேன்.

பிப்ரவரி 2, காலை 8:00

அவர் ஸ்க்ரூவை எடுத்துட்டாராம். ஆயில் மட்டம் ஒரு விரல் ஏறியிருந்துச்சாம். கோவிச்சுக்கல.

பிப்ரவரி 9, மாலை 6:20

தம்பிக்கு டியூப் இழை தான். நீடில் முனையில கருப்பா ஒரு நூல் ஒட்டியிருந்ததாம், படம் எடுக்கறதுக்குள்ள ஊதி விட்டுடுச்சாம்.

எனக்கு அட்டை ரெண்டு வாரமா காஞ்சு கிடக்கு. இன்னைக்கு சும்மா இருக்க முடியாம கிட்ல வந்த புது நீடிலையும் பழைய நீடிலையும் பக்கத்துல வச்சு லென்ஸ்ல பாத்தேன். பழசுல ஒரு வரி கூட இல்ல, பின்னோட ஸ்ப்ரிங்கும் நல்லா துள்ளுது. புதுசோட ஸ்ப்ரிங் மொத்தமா மெத்து, நாக்கு தொட்டாலே உள்ள போகுது. 14-ஆம் தேதி அளவுல வந்த 2 எம்எம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப புரியுது. தலைகீழா வச்சு அளந்தது என் தப்பு, ஸ்ப்ரிங் அந்தத் தப்புக்குக் கூடவே நின்னிருக்கு.

பழைய நீடிலையே திரும்பப் போட்டுட்டேன். சாய்ச்சுப் பிடிச்சு அளந்தா மேனுவல்ல இருக்கற அளவு, நாக்கை இந்த வாட்டி நான் தொடவே இல்ல. புதுசு டப்பாவுல கிடக்கு, பக்கத்துல ஈய உருண்டை ரெண்டு.